டிஸ்க் நிறைந்துவிட்டதாம், யார் நிறைத்தது?

இரவு 11.40. எங்கள் புளோக் கீழ்த்தளத்தில் மாட்ட வேண்டிய தீபாவளி பேனர். கடைசி அகல்விளக்கையும் வைத்தாகிவிட்டது. ஃபோட்டோஷாப்பில் சேவ் அழுத்துகிறேன். பச்சைப் பட்டை பாதி தூரம் போய் நின்றது. ஸ்கிராட்ச் டிஸ்க், அதாவது மென்பொருள் தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் டிஸ்க், நிறைந்துவிட்டதாம், சேமிக்க முடியாதாம்!

மாலை ஏழு மணிக்கு இந்த டிஸ்கில் 60 ஜிபி காலியாக இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். இப்போது மிச்சம் 300 எம்பி. நடுவில் நான் எதையும் இறக்கவில்லை, எதையும் நகலெடுக்கவில்லை. நாலரை மணி நேரம் ஒரே ஃபைலில் உட்கார்ந்திருந்தேன். தின்றது யார்? இப்போது "இடமில்லை" என்று கையை விரிக்கிறதே, அதே மென்பொருள்தான்.

ரேம் போதாவிட்டால் மிச்சத்தை டிஸ்கில் எழுதி வைக்கிறது, அது எனக்குத் தெரியும். அதில் தப்பும் இல்லை. ஆனால் அதை நான் பார்க்க முடியாத ஒரு டெம்ப் ஃபைலில் எழுதுகிறது. வேலை செய்யச் செய்ய அது ஊதிக்கொண்டே போகிறது. படத்தை மூடினாலும் சுருங்காது, மென்பொருளையே மூட வேண்டும். நடுவில் கிராஷ் ஆனாலோ, அந்தப் பிணத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடும். போன வியாழக்கிழமை கிராஷ் ஆனபோது விட்டுப்போன 22 ஜிபியை நான் கண்டுபிடித்தது இந்தக் கூத்து முடிந்த பிறகு.

என் பங்குத் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை. பேனர் பத்தடிக்கு ஆறடி. "முந்நூறு டிபிஐயில போடும்மா, அப்பதான் ஷார்ப்பா வரும்" என்றார் புளோக் அங்கிள். டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, அதாவது பிக்சல், என்ற கணக்கு. நானும் தலையாட்டினேன். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 120 அங்குலத்தை 300ஆல் பெருக்கினால் 36,000 பிக்சல். உயரம் 21,600. மொத்தம் 778 மில்லியன் பிக்சல். ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் என்றாலே முழுதாக நிரம்பிய ஒரு லேயருக்கு (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்) 2.3 ஜிபி. என்னிடம் இருந்தவை பதினோரு லேயர்கள், எல்லாமே முழுதாக நிரம்பியவை இல்லை என்றாலும். அதற்கு மேல் அண்டூ. படம் முழுவதற்கும் ஒரு ஃபில்டர் போட்டால், வேண்டாம் என்றால் திரும்பிப் போக வசதியாகப் பழைய நிலையையும் வைத்துக்கொள்ளும். நான் ஐம்பது படிவரை திரும்பலாம் என்று செட்டிங்கில் வைத்திருந்த புண்ணியவதி.

போதாததற்கு, ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி வடிவத்தில் ஒரு பக்கம் 30,000 பிக்சலுக்கு மேல் போகாது, ஃபைலும் 2 ஜிபியைத் தாண்டாது. ஆக பெரிய படங்களுக்கான பிஎஸ்பி வடிவத்தில்தான் சேமிக்க வேண்டும். இவ்வளவும் எதற்கு? பத்தடி தூரத்தில் நின்று, கையில் முறுக்கோடு பார்க்கப் போகும் ஒரு பேனருக்கு!

அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. "வாட்ஸ்அப் படத்தை எல்லாம் அழிச்சியா?" "ஒரு ஃபோட்டோவே எட்டு எம்பிதானே, அது எப்படி இடத்தை அடைக்கும்?" ஐயா, எட்டு எம்பி என்பது அமுக்கிச் சுருட்டி வைத்த ஜேபெக். 24 மெகாபிக்சல் படத்தை எடிட் செய்யத் திறந்தால் அது 72 எம்பி. நிறத்தை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 16 பிட்டுக்கு மாற்றினால் 144. மெத்தையைச் சுருட்டிப் பையில் வைத்திருக்கும்வரை சின்னதுதான், விரித்தால் அறை வேண்டும்.

"ரேம் கூட்டிக்கொள்" என்றது இன்னொரு குரல். போன மாதமே கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் போய்விட்டு வந்தேன். கடைக்காரத் தம்பி அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, போர்டோட சேத்து ஒட்டியிருக்கு, மாத்த முடியாது" என்று மறுபடி மூடிக் கொடுத்தார். எட்டு ஜிபி, ஆயுளுக்கும். டிஸ்க் 256 ஜிபி என்று பெட்டியில் போட்டிருந்தது, விண்டோஸ் காட்டுவது 238.

நான் கேட்பது பெரிய விஷயமே இல்லை. ஓரத்தில் ஒரு எண். இவ்வளவு தின்றிருக்கிறேன், இவ்வளவு மிச்சம். இருபது ஜிபி இருக்கும்போதே ஒரு வார்த்தை. அரிசி டின்னின் அடி தெரிந்த பிறகா அம்மா கடைக்கு ஆள் அனுப்புவார்? அதுவும், சொல்வதற்கு அந்த மென்பொருள் தேர்ந்தெடுத்த நேரம், நான் சேவ் அழுத்திய நேரம்!

மூடினால் நாலரை மணி நேர உழைப்பும் போச்சு. மூடாவிட்டால் இடமில்லை. கடைசியில், அதே லேப்டாப்பில் மகன் போட்டிருந்த 48 ஜிபி கேமை அவனைக் கேட்காமல் தூக்கினேன். மறுபடி சேவ். போனது. மணி 12.25.

அப்புறம் எல்லாவற்றையும் 100 டிபிஐக்குக் குறைத்தேன். பிக்சல்கள் ஒன்பதில் ஒரு பங்காயின, மின்விசிறி இரைச்சலும் அடங்கியது. மறுநாள் அச்சுக்கடையில் ஃபைலைத் திறந்து பார்த்தவர், "இதுவே அதிகம்க்கா, எழுபத்தஞ்சு போதும்" என்கிறார். அங்கிளிடம் இதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மகன் காலையிலிருந்து பேசவில்லை. பள்ளி விட்டு வந்ததும் அந்த கேமை மறுபடி இறக்க ஆரம்பித்திருக்கிறான். டிஸ்க் இப்போதே சிவப்பில் நிற்கிறது. பேனரில் ஸ்பான்சர் லோகோ ஒன்று விட்டுப்போயிருக்கிறதாம்.