மூடிவிட்டால் முடிந்துவிடுமா, நடுவர் ஐயா?

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் பட்டிமன்ற வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி இங்கே போடப்போவதில்லை. அந்தச் சிரிப்புச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்கத் தெம்பில்லை.

"கடலோரத்தில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் வேண்டுமா, வேண்டாமா" என்று தலைப்பு வைத்தார்கள். வேண்டாம் அணியில் பேசிய பெண் "மூடினாலும் அது பழைய நிலம் இல்லைங்க ஐயா" என்று ஆரம்பிக்கிறார். நடுவர் குறுக்கே வருகிறார். "தோண்டுறாங்க, எடுக்குறாங்க, மூடுறாங்க, பூங்கா வைக்கிறாங்க. இதுல என்னம்மா உனக்குக் கஷ்டம்? மலைமேல இருக்குற உங்களுக்குக் கடலைப் பத்தி என்ன கவலை?" அரங்கமே சிரிக்கிறது. மைக் கைமாறுகிறது. தீர்ப்பும் வந்துவிடுகிறது.

அந்தப் பெண் சொன்ன ஒரு வரி சரி. நூற்றுக்கு நூறு சரி. மூடுவது வேறு, நிலம் திரும்புவது வேறு. அவர் முடிக்காமல் விட்டதை நான் முடிக்கிறேன்.

வேண்டும் அணி காட்டிய ஸ்லைடு இங்கிலாந்தின் ட்ரூரிட்ஜ் பே. நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் 11 கிலோமீட்டர் மணற்கரை, அதன் முதுகில் மணல்மேடு, மேட்டுக்குப் பின்னால் பறவைகள் இறங்கும் குட்டைகள். "இந்த ஏரி ஒரு காலத்தில் நிலக்கரிக் குழி, இன்று பூங்கா" என்றார்கள். படம் பொய்யில்லை. அங்குள்ள பூங்காவும் ஏரியும் பழைய திறந்தவெளிச் சுரங்கத்தை மூடிய இடத்தில் வந்தவைதான். ஸ்லைடில் இல்லாதது இதுதான்: அதே கரையோரம் ஹைதார்ன் என்ற இடத்தில் 30 லட்சம் டன் நிலக்கரி எடுக்க பேங்க்ஸ் நிறுவனம் கேட்டது. 2016இல் உள்ளூர் கவுன்சில் சரி என்றது. 2018 மார்ச்சில் அமைச்சர் மறுத்தார். நவம்பரில் நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. 2020 செப்டம்பரில் அடுத்த அமைச்சரும் மறுத்தார். பக்கத்திலேயே பூங்கா ஆன குழி கண்முன்னால் இருந்தும், இரண்டு அமைச்சர்கள் இந்தக் குழி வேண்டாம் என்றார்கள். அதற்கு ஒரு ஸ்லைடு போட இடமில்லாமல் போய்விட்டது போல.

சரி, மூடுவது என்றால் என்ன? பலர் இதை, செப்டிக் டேங்குக்குத் தோண்டிய குழியில் அதே மண்ணைத் திருப்பித் தள்ளுவது போல நினைக்கிறார்கள். முதலில் மேல்மண்ணை வழிக்கிறார்கள். அதைத் தனியாகக் கரை போலக் குவிக்கவேண்டும். மூன்று மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பார்கள், ஏனென்றால் உள்ளே காற்று போகாமல் மண்புழுவும் நுண்ணுயிரும் செத்துவிடும். மழையில் ஈரமாக இருக்கும்போது அள்ளினால் மண் களி போலப் பிசைந்துவிடும். அடிமண் இன்னொரு குவியல். அதற்குக் கீழே நிலக்கரி வரை கிடக்கிற பாறை, களிமண், மணல் எல்லாமே ஓவர்பர்டன், அதாவது நிலக்கரிக்கு மேலே கிடக்கும் சுமை. அதைத் துளை போட்டு, வெடி வைத்து, டிப்பரில் அள்ளுகிறார்கள். முதல் வெட்டில் வருவதைக் கொட்ட குழி இருக்காது, அது வெளியே மலையாக நிற்கும். அடுத்தடுத்த வெட்டில் வருவது முந்தைய குழிக்குள் போகும். அதாவது லட்சக்கணக்கான ஆண்டுகள் படிந்து அடுக்கடுக்காக இருந்தது, மிக்சியில் அடித்த மாதிரி கலந்து உள்ளே போகிறது. தண்ணீர் ஓடிய மணல் அடுக்கு, தண்ணீரைத் தடுத்த களிமண் அடுக்கு, இரண்டும் இனி கிடையாது.

உடைத்த பாறை உப்பிப் பெருகும். பத்து டிப்பர் பாறையை உடைத்தால் பன்னிரண்டு, பதின்மூன்று டிப்பர் ஆகும். அதனால் நிலக்கரி போன பிறகும் குழி நிரம்பிவிட்டது போலத் தெரியும். பிறகு ஆண்டுக்கணக்கில் இறங்கும். சுரங்கத்தைக் காய வைக்க ஓடிய பம்பை நிறுத்தி நிலத்தடி நீர் மேலேறும்போது, நனைந்த நிரப்பு மண் இன்னும் இறங்கும். அதே நார்தம்பர்லாந்தில் ஹார்ஸ்லி என்ற மூடிய சுரங்கத்தில் இதை ஆண்டுக்கணக்கில் அளந்தே வைத்திருக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்து போகவேண்டாம். எங்கள் தெருமுனையில் சரிவை வெட்டி, வெட்டின மண்ணையே முன்பக்கம் கொட்டிச் சமப்படுத்தி ஒரு வீடு. வெட்டின பாதி அசையவில்லை. கொட்டின பாதியில் இருக்கும் சமையலறைத் தரை இரண்டு மழைக்காலத்தில் ஒரு விரல் அளவு இறங்கி, சுவருக்கும் தரைக்கும் நடுவில் பென்சில் நுழைகிற இடைவெளி. தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் ஓட்டை வைக்கவில்லை, நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. இத்தனைக்கும் கொட்டியது ஆறு அடி மண். 2009 நவம்பரில் இந்த நீலகிரி மாவட்டத்தில் மண்சரிவில் 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். அப்புறமும் கொட்டின மண்ணை "நிலம்" என்று நம்புகிறவர்கள் நாம்தான் என்றால் என்ன சொல்ல!

மேலே மேல்மண்ணைப் பரப்பும்போதும் ஒரு தப்பு நடக்கும். டிப்பரும் டோசரும் பரப்பின மண்ணின்மேலேயே ஓடினால் அடியில் மண் தட்டு போல இறுகிவிடும். வேர் இறங்காது, மழைநீர் நிற்கும், கோரை முளைக்கும். புகைப்படத்தில் பச்சையாகத்தான் தெரியும்.

கடலோரம் என்பதால் இன்னொன்று. மணற்பாங்கான கரையில் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அதன் எடை கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை உப்புநீரைத் தள்ளி நிறுத்தும். பம்பு போட்டு அந்த ஒரு மீட்டரை இறக்கினால் உப்புநீர் நாற்பது மீட்டர் ஏறிவரும். சுரங்கம் காய்ந்திருக்க இரவும் பகலும் பம்பு ஓடவேண்டும். நெய்வேலிக்காரர்களைக் கேளுங்கள். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே சுரங்கம் நிற்கும். அதோடு நிலக்கரியை ஒட்டிய பாறையில் கந்தகம் கலந்த இரும்புத் தாது இருந்தால், காற்றும் நீரும் பட்டு அமிலமாகும், ஓடை செங்காவியாகும். இதுவும் பூங்கா ஸ்லைடில் வராது.

"உன் வீட்டில் கரண்ட் எரியவில்லையா?" என்று கமென்ட் வரும். எரிகிறது சார். பைக்காரா ஆற்றில் 1932 முதல் மின்சாரம் எடுத்துச் சமவெளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் மாவட்டத்துக்காரனிடம் கேட்கவேண்டிய கேள்வியா இது? அந்த இங்கிலாந்தே 2024 செப்டம்பர் 30இல் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை நிறுத்திவிட்டது. அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

வேலை. இந்தக் கேள்வியை நான் கேலி செய்யமாட்டேன். ட்ரூரிட்ஜ் பக்கத்திலேயே எலிங்டன் சுரங்கம் 2005இல் மூடியது. கடலுக்கு அடியில் போய் வெட்டிய ஆட்கள் அவர்கள், அவர்கள் ஊரில் நிலக்கரி கெட்ட வார்த்தை இல்லை. ஊட்டி எச்.பி.எஃப். என்ற ஃபிலிம் தொழிற்சாலை மூடியதில் எத்தனை குடும்பம் கீழே இறங்கிப் போனது என்று நமக்கும் தெரியும். அதனால் ஒரு சுரங்கம் தரும் சில ஆண்டு வேலைக்கு ஆள் ஏங்குவதில் தப்பே இல்லை. ஆனால் ஏழெட்டு வருஷத்தில் வேலை போகும், நிலம் மட்டும் அப்படியே கலந்து கிடக்கும். பதில் போதவில்லைதான். இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

"ஊட்டி ஏரியே செயற்கைதானே, அதை ரசிக்கிறீர்களே" என்று ஒரு அண்ணன் முந்தாநாள் எழுதியிருந்தார், 200 லைக். அண்ணே, வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் 1820களில் ஓடையை மறித்துக் கரை கட்டினார். அடியில் இருந்த பாறையை வெடி வைத்து எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த ஏரியிலேயே ஒரு பகுதியை மூடித்தான் குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் வந்தன. "மூடினால் என்ன" என்பதற்கு நீங்களே உதாரணம் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி.

இங்கிலாந்தில் இன்னொன்று இருக்கிறது, ஸ்லைடுக்காரர்கள் எப்படித் தவறவிட்டார்களோ. அதே பேங்க்ஸ் நிறுவனம் ஷாட்டன் சுரங்கத்தின் 15 லட்சம் டன் கழிவு மண்ணைக் குவித்து, படுத்திருக்கும் பெண் உருவம் செய்தது. 34 மீட்டர் உயரம், 400 மீட்டர் நீளம், 2012இல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. மக்கள் அதன்மேல் நடக்கிறார்கள். நடக்கும்போது யாருக்கும் அடியில் என்ன போயிற்று என்று தோன்றாது.

"மலைமேல இருக்குற உங்களுக்கு என்ன" என்றாரே, அதுதான் மூன்று நாளாக உறுத்துகிறது. புல்வெளி வெறும் தரிசு என்று சொல்லித்தான் இங்கே சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். பச்சையாக இருக்கிறதே, என்ன குறை என்றார்கள். மழையைப் பஞ்சு போல உறிஞ்சி, கோடையில் சொட்டுச் சொட்டாக விட்ட சதுப்பு ஓடைகள் எத்தனை வற்றின என்று தோடர்களிடம் கேட்டவர் யார்? இப்போது சீகையை வெட்டினாலும் விதை மண்ணுக்குள் கிடந்து மறுபடி முளைக்கிறது. பச்சையாக இருப்பதற்கும் திரும்பிவருவதற்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில்தான் அதிகம் இருக்கவேண்டும். அவர்கள்தான் அன்று சிரித்தார்கள்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வந்த நெல்லுக்குள் நெய்வேலிச் சுரங்கத்துக்கான கால்வாய்க்காக இயந்திரம் இறங்கியபோது, இதே ஆட்கள் எல்லோரும் பதிவு போட்டோம். அப்போது நாம் கீழே இருக்கிறோமா மேலே இருக்கிறோமா என்று யாரும் கேட்கவில்லை.

நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். மன்னிப்பு வேண்டாம், பொன்னாடை வேண்டாம். ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தீர்கள். அந்தப் பெண் பேசியது இரண்டு நிமிடம் பத்து விநாடி, வீடியோவில் எண்ணிப் பார்த்துவிட்டேன். அடுத்த மாதக் கூட்டத்தில் மீதியைக் கொடுத்துவிடுங்கள். தலைப்பு என்னவாக இருந்தாலும் பரவாயில்லை.