மின் அதிர்ச்சி சிகிச்சை: வெறும் வயிறு முக்கியம்
கடும் மனநோய்க்கு, மூளையில் மின்சாரம் பாய்ச்சி வலிப்பை வரவழைக்கும் மின் அதிர்ச்சி சிகிச்சையை ‘தண்டனை’ என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது வேதனை தருகிறது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில், மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே பயம். அதற்குக் காரணம் உண்டு. 1938-இல் ரோமில் இத்தாலிய மருத்துவர்கள் செர்லெட்டியும் பினியும் இதைத் தொடங்கியபோது மயக்க மருந்து கொடுக்கவில்லை. வலிப்பின் வேகத்தில் சிலருக்கு முதுகெலும்பே முறிந்தது.

இன்று மயக்க ஊசி போட்ட பிறகே தசையைத் தளர்த்தும் சக்ஸமெத்தோனியம் மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம். பற்களுக்கிடையே ரப்பர் கட்டை, முகமூடி வழியே ஆக்சிஜன். மின்சாரம் சில விநாடிகள்தான். ஒரு கணுக்காலில் மட்டும் பட்டையை இறுக்கி, தளர்த்தும் மருந்து பாதத்துக்குப் போகாமல் தடுப்பார்கள். அந்தப் பாதம் துடிப்பதை வைத்து வலிப்பு எவ்வளவு நேரம் என்று கணக்கிடலாம்.

வீட்டார் தயவுசெய்து கவனியுங்கள்: சாப்பாட்டை 6 மணி நேரம், தண்ணீரை 2 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். விடியற்காலையில் கிளம்பி, பாவமே என்று வழியில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வாங்கிக் கொடுத்தால் அன்றைய சிகிச்சை ரத்து. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பதற்றத்துக்குத் தரும் டயசிபம் போன்ற மாத்திரைகள், சிகிச்சைக்குத் தேவையான வலிப்பைத் தடுக்கலாம். மனநிலையைச் சீராக்கத் தரும் லித்தியம், சிகிச்சைக்குப் பின் வரும் குழப்பத்தைக் கூட்டலாம். மாத்திரைப் பையை அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மறதி உண்மைதான். சிகிச்சை நடந்த வாரங்களின் நினைவு சிலருக்குத் திரும்பாது. தலையின் வலப்பக்கம் மட்டும் மின்சாரம் கொடுத்தால் இது குறையும். ஆனால் சாப்பிடாமல், பேசாமல் உறைந்து கிடப்பவருக்கு இதைவிட வேகமான வழி அரிது. பொதுவாக வாரம் 2 அல்லது 3 முறை, மொத்தம் 6 முதல் 12. முடிந்ததும் மருந்தை விட்டால் ஆறு மாதத்துக்குள் பலருக்கு நோய் திரும்புகிறது.