கேள்வித்தாளை இன்னொருவர் படிக்கட்டும்

பல மருத்துவக் கல்லூரிகளில் இன்டர்னல் தேர்வுக் கேள்வித்தாள் எழுதியவரைத் தவிர வேறு யார் கண்ணிலும் படாமலேயே மாணவர் கைக்குப் போய்விடுகிறது. பழைய தாளிலிருந்து பாதி, கைடிலிருந்து மீதி. இது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை.

'டெங்கு பற்றிப் பின்வருவனவற்றில் தவறானது எது?' என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு விடைகளையும் கையால் மறைத்துவிட்டால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. கேள்வியே அங்கே இல்லை என்றுதான் அர்த்தம். அதையே இப்படிக் கேட்கலாம்: 24 வயதுப் பெண், நான்கு நாள் காய்ச்சல் இன்று இறங்கியிருக்கிறது, ஆனால் வயிற்று வலி, விடாத வாந்தி. பிளேட்லெட் வேகமாகக் குறைகிறது, ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்? அட்மிட் செய்து ஐவி ஃப்ளூயிட் கொடுப்பது சரியான விடை. ஆனால் எனக்கு முக்கியம் தவறான விடைகள்தான். 'பிளேட்லெட் ஏற்றுவது' என்று ஒன்றை வைத்து, வகுப்பில் பாதிப் பேர் அதைத் தேர்ந்தெடுத்தால், ரத்தக் கசிவு இல்லாதபோதும் எண்ணிக்கையைப் பார்த்தே பயப்படுகிறார்கள் என்று தெரிந்துவிடும். மறுநாள் வகுப்பில் எதைப் பேச வேண்டும் என்பதும் தெரியும். நூற்றில் ஐந்து பேர்கூடத் தொடாத விடை இருந்தால் அது வெறும் இட நிரப்பி, தூக்கிவிடலாம்.

தேர்வு முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் தவறவிட்டு, கடைசி வரிசை மார்க் வாங்குகிறவர்கள் சரியாகப் போட்ட கேள்வி ஏதாவது இருந்தால் உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் விடைக்குறிப்பு தப்பாக இருக்கும், இல்லையென்றால் இரண்டு விடை பொருந்தும்.

2024 நீட் இளநிலைத் தேர்வில் நடந்ததும் அதுதானே. பழைய என்சிஇஆர்டி பாடநூலை நம்பியவர்களுக்காக ஓர் இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைக்கும் மார்க் போட்டார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் போய், டெல்லி ஐஐடியின் மூன்று நிபுணர்கள் ஒரே விடைதான் சரி என்றார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஐந்து மார்க் குறைந்து ரேங்க் மாறியது. தேர்வுக்கு முன்பே கேள்வியைப் பாடநூலோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய சிக்கல் இது.

எம்சிக்யூவுக்கு, அதாவது கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இந்த வகைக் கேள்விக்கு, பாடத்திட்டத்திலேயே இடம் கொடுத்தாகிவிட்டது. அப்படியென்றால் துறையில் மூன்று பேர் உட்கார்ந்து தாளைப் படிக்கும் நேரத்தையும் ஆசிரியரின் பணி நேரமாகவே கணக்கில் எடுக்க வேண்டும். ஜூனியர் ஒருவர் பேராசிரியரின் கேள்வியில் குறை சொன்னால் யாரும் முகம் சுளிக்கக் கூடாது. பழுதான கேள்வி என்று தெரிந்தால், மாணவர்கள் வந்து கேட்கும்வரை காத்திருக்காமல் மார்க்கைத் திருத்திவிட்டு, காரணத்தையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.