சொட்டுக்கூட ஒழுகவில்லையாம்!

"பம்ப் போச்சு சார்."

சொன்னவர் மெக்கானிக். பானெட்டைத் திறக்கவில்லை, ஒரு ஸ்பேனரைத் தொடவில்லை. செல்ஃப் அடிக்கும் சத்தத்தைக் கேட்டே, இன்ஜினுக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் இன்ஜெக்‌ஷன் பம்புக்கு மரணச் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டார். டீசல் வண்டி வைத்திருக்கும் உங்களுக்கும் இந்த வசனம் மனப்பாடமாகியிருக்கும். காலையில் கிளம்பவில்லையா, பம்ப். மேட்டில் இழுக்கவில்லையா, பம்ப். கரும்புகையா, சந்தேகமே வேண்டாம், பம்ப். ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் கரும்புகைதான் வரும் என்று சொல்லிப் பாருங்கள், பெரிய மனுஷனிடம் வாய்க்கொழுப்பு காட்டிய மாதிரி ஒரு பார்வை கிடைக்கும்.

டீசல் ஃபில்டர் மாற்றத்தான் கொடுத்தேன். மாற்றும் வரைக்கும் வண்டி நன்றாக ஓடியது. மாற்றும் வரைக்கும்! வந்த பிறகு, ராத்திரி நிறுத்தினால் காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். டீசலைக் கையால் ஏற்றும் பிரைமரைக் கொஞ்ச நேரம் அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகும் ஐடிலிங்கில் தடுமாறும். இதைவிடத் தெளிவாக ஒரு இன்ஜின் என்னதான் பேசும்? ஃபில்டரைக் கழற்றி மாட்டிய மறுநாளே பம்ப் தானாகச் செத்துப்போகிறது என்றால், அதற்கு மெக்கானிக் எதற்கு, ஜோசியர் போதுமே.

"அண்ணே, ஏர் இழுக்குதான்னு பார்த்தீங்களா?"

"லீக்கே இல்லையே சார். சொட்டுக்கூட ஒழுகலை. அப்புறம் ஏர் எப்படி வரும்?"

ஒழுகவில்லையாம். இந்த வண்டியில் தனி ஃபீட் பம்ப் கிடையாது. இன்ஜெக்‌ஷன் பம்புக்குள் இருக்கும் சின்ன பம்ப்தான் டேங்கிலிருந்து டீசலை இழுக்கிறது. ஆக டேங்க், குழாய், ஃபில்டர் எல்லாமே உறிஞ்சும் பக்கம். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவை வாயில் வைத்து உறிஞ்சினால் ஜூஸ் வெளியே ஒழுகுமா, காற்று உள்ளே வருமா? சின்னப் பிள்ளையைக் கேட்டால் சொல்லும். இன்ஜின் நின்றதும் அதே ஓட்டை வழியாகக் காற்று நுழைய, டீசல் மெதுவாகக் கீழே டேங்குக்கே திரும்பிவிடும். விடியும்போது லைன் காலி. வெளியே சொட்டு விழாததுதான் இங்கே துப்பே. அதையே குற்றமற்றவர் என்பதற்குச் சாட்சியாகக் காட்டினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

டீசலை அமுக்கினால் அவ்வளவாகச் சுருங்காது, காற்று சுருங்கும். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் திறக்கவே 200 பார் வாக்கில், அதாவது சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தம் வேண்டும். பம்ப் தள்ளுகிற தள்ளெல்லாம் காற்றுக்குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விட்டால் நாசில் எப்படித் திறக்கும்? பாவம், அந்த பம்ப் ஒழுங்காகத்தான் வேலை பார்க்கிறது. பழி மட்டும் அதன் தலையில்.

அடுத்த யோசனை: "நாசிலையும் கழட்டிப் பாத்துடலாம் சார்." வேண்டாம் என்றேன். சரி என்று, பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இன்ஜெக்டர் பைப் நட்டுகளைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடித்தார், அடித்தார், பேட்டரி முனகும் வரை அடித்தார். செல்ஃப் மோட்டாருக்கு நடுவில் ஆறுவதற்கு நேரம் விட வேண்டும் என்பதெல்லாம் கணக்கிலேயே இல்லை. (காமன் ரெயில், அதாவது எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வண்டிக்காரர்கள் இந்த நட்டுப் பக்கமே போகாதீர்கள். அங்கே 1,600 பாருக்கும் மேலே போகும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.)

கடைசியில் நானே டீசலுக்குத் தாங்கும் கண்ணாடி மாதிரி டியூப் ஒரு துண்டு வாங்கி வந்தேன். முதலில் டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே மாட்டச் சொன்னேன். சுத்தம், ஒரு குமிழி இல்லை. அடுத்து ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே. ஆகா! வரிசை கட்டிக்கொண்டு குமிழிகள் ஊர்வலம் போகின்றன. ஃபில்டர் தலையிலிருந்து வெளியே வரும் குழாயைப் பிடித்திருக்கும், உள்ளே துளையுள்ள பேஞ்சோ போல்ட்டைக் கழற்றினால், இடைவெளியை அடைக்கும் அதே பழைய காப்பர் வாஷர். ஏற்கெனவே நசுங்கி இறுகி, நடுவில் பள்ளம் விழுந்தது. காப்பர் ஒருமுறை நசுங்கினால் கெட்டியாகிவிடும், மறுபடி சரியாக உட்காராது. புதுசு போட வேண்டும், இல்லையென்றால் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கியாவது போட வேண்டும். புதுசு எங்கே என்கிறீர்களா? ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே, பிரிக்காத சின்ன பாலிதீன் பையில், பத்திரமாக இருந்தது.

புது வாஷர் போட்டு, பிரைமரை அமுக்கி ஏர் எடுத்ததும் சாவியைத் தொட்டவுடன் பிடித்துக்கொண்டது. பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றக் கிளம்பிய ஆள், கையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்:

"நானும் வாஷராத்தான் இருக்கும்னு நெனச்சேன் சார்."

கோபத்தில் வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. இரண்டு பேரும் நின்று சிரித்தோம். அவர் எதற்குச் சிரித்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அது கிடக்கட்டும். இவ்வளவையும் ஒரு கையில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருந்தது. ஏனென்றால் என் டார்ச் லைட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் "அஞ்சு நிமிஷத்துல தர்றேன்" என்று வாங்கிப்போய் மாதக்கணக்காகிறது. கேட்டால், "உங்களுதா அது?" என்கிறார்.