மேயருக்கு மாதச் சம்பளமா?

அண்ணாச்சி, நெல்லை மேயர் மாதச் சம்பளம் வாங்கும் முழுநேர அலுவலர், காலை பத்து மணிக்கே இருக்கையில் இருந்தாகணும்னு பலர் பகிர்ந்திருக்காங்க. அது சரியில்லை. மேயரும் நம்ம 55 வார்டு கவுன்சிலர்களில் ஒருவர்தான். அந்தக் கவுன்சிலர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். அவர் வாங்குவது சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 2023 ஜூலையிலிருந்து மாதம் 30,000 ரூபாய். முழுநேர அலுவலர் என்றால் அது ஆணையர்.

நீங்களே பார்க்கலாம். பேப்பரில் மாநகராட்சி டெண்டர் விளம்பரம் வந்தால் அடியில் யார் பதவி இருக்குன்னு பாருங்க: ‘ஆணையர், திருநெல்வேலி மாநகராட்சி’. மதிப்பூதியத்துக்கு 2023ஆம் ஆண்டு அரசாணையைத் தேடிப் படிங்க. முழுநேர மேயர் வேணும்னு கேட்கிறது நியாயமான கோரிக்கை, எனக்கும் அதே ஆசைதான். ஆனா அதைச் சென்னையில், சட்டமன்றத்தில் கேட்கணும்.