கோடநாட்டுக் கோபுரத்திலிருந்து தெரியும் அந்த ஊர்

மலை உச்சியில் ஏறி நின்று பார்க்கிற இடங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எதைப் பார்க்கிறோம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. குப்பை போடாதீர், குரங்குக்குத் தீனி கொடுக்காதீர், கம்பி மேல் ஏறாதீர் என்று வரிசையாகப் பலகைகள் இருக்கும். எதிரே கிடப்பது எந்த ஆறு, எந்த மலை, எந்த ஊர் என்று சொல்வதற்கு எங்காவது அபூர்வமாக இரண்டு வரி. அதுவும் வெயிலில் வெளுத்துப்போயிருக்கும்.

சமீபத்தில் குடும்பத்தோடு நீலகிரியில் இருக்கிற கோடநாடு காட்சிக் கோபுரத்துக்குப் போய்வந்ததிலிருந்து இந்தக் குறை இன்னும் கூடிவிட்டது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடநாடு என்றதும் பாதிப் பேருக்கு எஸ்டேட்டும் வழக்கும்தான் ஞாபகம் வரும். எங்கள் காரிலும் மேட்டுப்பாளையம் தாண்டும்வரை அதே பேச்சுதான். கோத்தகிரியிலிருந்து சுமார் 18 கி.மீ. போகிற அந்தச் சாலை முடிகிற இடத்தில் நீலகிரி மலையே முடிந்துவிடுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

குன்னூர் வழியை விட எனக்கு கோத்தகிரி வழிதான் பிடிக்கும். நெரிசல் குறைவு. கோடை சீசனில் மட்டும் குன்னூர் பக்கம் ஏறி, கோத்தகிரி பக்கம் இறங்க வேண்டும் என்று ஒருவழியாக்கிவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இ-பாஸும் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் தொடங்கியது அது. அடுத்த வருடம் சீசனுக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம். சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். அம்மாவின் எவர்சில்வர் தூக்குப்போசியையும் விடவில்லை. உள்ளே தக்காளி சாதம் என்று தெரிந்ததும் அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே மூடிக் கொடுத்தார்.

சரி, கோபுரத்துக்கு வருகிறேன். உயரத்தில் தொட்டபெட்டாவுக்கு ஈடில்லை. அது 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உச்சம். ஆனால் தொட்டபெட்டாவில் நின்றால் மலைக்குப் பின்னால் மலை என்றுதான் தெரியும். கோடநாடு அப்படியில்லை. தேயிலைத் தோட்டமும் சில்வர் ஓக் மரமுமாக வந்துகொண்டே இருந்து, திடீரென்று தரை இல்லாமல் போகும். ஆயிரம் மீட்டருக்கு மேல் பள்ளம். அடியில் மாயாறு. நாம் நிற்கிற பக்கம் ஈரமும் குளிரும். மலை மறைப்பதால் மழை குறைந்த அந்தப் பக்கம் பழுப்பேறிய முள்காடு. ஒரே பார்வையில் இரண்டு தட்பவெப்பம். வலது பக்கம் ரங்கசாமி மலை, 1,785 மீட்டர், இருளர்கள் கும்பிடுகிற மலை. பக்கத்தில் தனியாக நிமிர்ந்து நிற்கிற பாறை ரங்கசாமித் தூண்.

நாங்கள் போனபோது மூடுபனி விலகி, ஆறு வளைந்து போவது நன்றாகத் தெரிந்தது. எனக்கு முன்னால் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் கம்பிக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான்: “அப்பா, அங்க கீழ ஒரு ஊர் இருக்கே, அது என்ன ஊருப்பா?” முள்காட்டுக்கு நடுவில் சதுரம் சதுரமாகப் பச்சை வயல், ஓரமாகக் கொஞ்சம் கூரைகள். அப்பாக்காரர் போனை நீட்டிப் பிடித்தபடி, “ஏதோ ஊருடா. இங்க பாரு, சிரி” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யார் சொன்னார்கள், அவர் சொல்வதற்கு?

பதில் சொன்னது வெளியே அவித்த சோளம் விற்ற அக்கா. மிளகாய்த்தூள் தடவிய எலுமிச்சை மூடியைச் சோளத்தில் தேய்த்துக்கொண்டே, “அதுங்களா, தெங்குமரஹாடா. எங்க சித்தி பொண்ணைக் கட்டிக் குடுத்த ஊருதான். இங்கிருந்து பார்த்தா தெரியுது. போகணும்னா ஒரு நாள் ஆகும்” என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. தெங்குமரஹாடா நீலகிரி மாவட்டம், கோத்தகிரி தாலுகா. ஆனால் கோத்தகிரியிலிருந்து நேரே இறங்க வண்டிப்பாதை கிடையாது. மலையிறங்கி மேட்டுப்பாளையம், அங்கிருந்து ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகர், அப்புறம் காராச்சிக்கொரை சோதனைச்சாவடி, அதற்கப்புறம் புலியும் யானையும் நடமாடுகிற காட்டுக்குள் 25 கி.மீ. அளவுக்கு மண்பாதை. பஸ் ஆற்றங்கரையோடு நின்றுவிடும். மாயாற்றைப் பரிசலில் தாண்டினால்தான் ஊர். வெள்ளம் வந்தால் பரிசலும் கிடையாது. தாலுகா ஆபீஸில் ஒரு சான்றிதழ் வாங்க அந்த ஊர்க்காரர் இத்தனை சுற்றும் சுற்ற வேண்டும். நாம் அந்த ஊரைத் தலைக்கு மேலிருந்து பார்த்துவிட்டு ‘வாவ்’ என்கிறோம்.

அது காலங்காலமாகக் காட்டுக்குள் இருந்த ஊரும் இல்லை. சுதந்திரம் வந்த சமயம் நாட்டில் தானியத் தட்டுப்பாடு. அதிக உணவு உற்பத்தி செய்வோம் என்று அரசாங்கமே இயக்கம் நடத்தியபோது, 1948-ல் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் அமைத்து, வன நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துக் குடியேற்றிய ஊர். நெல், வாழை, மஞ்சள் போட்டார்கள். இப்போது சுற்றிலும் புலிகள் காப்பகம். ஊரை வெளியே மாற்றும் பேச்சு வருடக்கணக்காக நடக்கிறது. குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற கணக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு தலைமுறையை உழச் சொல்லி அனுப்பிவிட்டு, பேரன் காலத்தில் புலிக்காக எழுந்திரு என்கிறோம். அங்கே இருக்க வேண்டுமா, வெளியே வர வேண்டுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். போக விரும்புகிறவர்களும் அங்கே உண்டு.

அந்தப் பள்ளத்தாக்கில் இன்னொரு குடியும் உண்டு. பாறு. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் கேவலமாகச் சொல்கிற பறவை. கால்நடைக்குப் போடுகிற டைக்ளோபினாக் ஊசி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடு முழுக்கக் கொன்றது. 2006-ல் அதற்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் மிஞ்சியவை பெரும்பாலும் இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் கூடு கட்டுகின்றன. ஆற்றோரம் உயர்ந்து நிற்கிற நீர்மருது மரங்கள் இருக்கின்றனவே, அவைதான் அவற்றுக்கு வீடு. கோபுரத்தில் இதைச் சொன்னால் அடுத்த முறை வானத்தில் ஏதாவது வட்டமடிக்கும்போது நாலு பேராவது அண்ணாந்து பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு அந்தக் காட்சியில் சொந்த சம்பந்தமே இருக்கிறது. நாங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம். மாயாறு கிழக்கே போய் பவானிசாகரில் சேர்கிறது. 1955-ல் கட்டி முடித்த அந்த மண் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் 200 கி.மீ. ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. அதில் எங்கள் வயலும் அடக்கம். அம்மாவிடம் கையைக் காட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அட, நம்ம வாய்க்காலுக்கு வர்ற தண்ணியா இது? இவ்வளவுதான் இருக்குது, அப்புறம் எப்படி முறை வெச்சு விடாம இருப்பாங்க” என்றார். அதற்கப்புறம் அவரைக் கோபுரத்திலிருந்து கிளப்புவதுதான் கஷ்டமாகிவிட்டது. இத்தனை மணிக்கு மேல் கோத்தகிரியில் வர்க்கி கிடைக்காது என்று சொல்லித்தான் இறக்கினோம்.

கன்னியாகுமரியில் கண்ணாடிப் பாலம் திறந்ததிலிருந்து, மலை ஊர்களிலும் அப்படி ஒன்று கட்டினால் என்ன என்று கேட்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கயிற்றில் தொங்கிப் போகிற விளையாட்டு வேண்டும் என்கிறார்கள் இன்னும் சிலர். வேண்டவே வேண்டாம். கைப்பிடிச் சுவர் உயரத்தில் ஒரு கருங்கல் போதும். அதில் திசைக்கோடு செதுக்கி, ஒவ்வொரு கோட்டுக்கும் நேரே பெயரும் தூரமும் எழுதுங்கள். நேர்த் தூரம் எவ்வளவு, சாலைத் தூரம் எவ்வளவு என்று தெங்குமரஹாடாவுக்கு மட்டும் இரண்டு எண் போடுங்கள். கூடவே அந்தப் பக்கத்து இருளர், படுகர் பிள்ளைகளில் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து நிறுத்துங்கள். சோளக்கார அக்கா சும்மா சொன்னதே எனக்கு அரை நாள் யோசிக்கப் போதுமானதாக இருந்தது.

சுற்றுலா வந்தவனுக்கு எதற்கு இத்தனை விவரம், நிம்மதியாகப் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று மச்சான் திரும்பும் வழியெல்லாம் வாதம் செய்தான். இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்ததால் நான் அதிகம் வாய் கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கிறேன்: பெயர் தெரிந்தால் நிம்மதி கெட்டுப்போகும் என்றால், கெடட்டும்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறினால் வெள்ளைச் சுவர்தான். அப்புறம், என் நட்புப் பட்டியலில் தெங்குமரஹாடா, கல்லாம்பாளையம் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் ஒரு சந்தேகம்: உங்கள் வயலில் நின்று மேலே பார்த்தால் நாங்கள் நிற்கிற கோபுரம் தெரியுமா? மச்சான் தெரியாது என்கிறான். நான் தெரியும் என்று பந்தயம் கட்டியிருக்கிறேன்.