சுங்கான் புகையிலை வைக்கப் போத்தல் தேடுகிறவர்கள் முதலில் மூடியைப் பாருங்கோ

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறவர்களின் சூட்கேசுக்குள் சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் சிலவேளை 50 கிராம் பைப் புகையிலை ரின் ஒன்றும் வந்து இறங்கும். சுங்கான் (பைப்) பத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்தில் கனபேர் இல்லை. இருக்கிற கொஞ்சப் பேரும் ரின்னைத் திறந்து கொஞ்ச நாளிலேயே புகையிலையைப் பழுதாக்கிவிட்டு, “அங்கத்தைச் சாமான் இங்க நிண்டு பிடிக்காது” என்று வெயிலைத் திட்டுகிறார்கள். வெயிலைச் சந்தேகப்பட முதல் மூடியைச் சந்தேகப்படுங்கோ.

(புகைப்பது நல்லது என்று வாதாட வரவில்லை. பைப் புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டாலும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து இருக்கிறது. அது தெரிந்தும் பாவிக்கிறவர்களுக்கான பதிவு இது.)

இணையத்தில் கிடைக்கிற அறிவுரையில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர் எழுதினது. ஹீற்றர் ஓடுகிற வீட்டில் புகையிலை காய்ந்து சருகாகும். அதனால் அப்பிள் துண்டு போடு, பாண் துண்டு போடு, ஈரப் பஞ்சு வை என்று எழுதுவார்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் இங்கேயும் திறந்து வைத்தால் காயும்தான். ஆனால் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் பத்திரிகைத் தாளே துவண்டு கிடக்கிற ஊரில் அப்பிள் துண்டைப் போட்டு மூடினால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் வரும். அப்பிளும் பாணும் தாங்களே பூஞ்சணம் பிடிக்கிற சாமான்கள், அதைக் கொண்டுபோய்ப் புகையிலைக்குள் வைப்பது என்ன புத்தி? எங்களுக்கு வேண்டியது ஈரம் ஏற்றுகிற வழி அல்ல. உள்ளே இருக்கிற ஈரத்தை அப்படியே வைத்துக்கொண்டு வெளி ஈரத்தை உள்ளே விடாத ஏனம்.

என் தெரிவு கண்ணாடிப் போத்தல், அதுவும் சின்னது. றிப்பனாக நறுக்கின புகையிலை 50 கிராமுக்கு 250 மில்லிலீட்டர் போத்தல் சரியாக இருக்கும், 100 கிராமுக்கு 500. விரலால் மெல்ல அமத்தி நிரப்பினால் போதும், இடிக்க வேண்டாம். தட்டுத் தட்டாக வருகிற வகையை உதிர்க்காமல் அப்படியே அடுக்குங்கோ, அதற்கு இன்னும் சின்னது காணும். 100 கிராம் கையில் இருந்தால் 500 போத்தல் ஒன்றை விட 250 போத்தல் இரண்டு மேல். ஒன்று பாவனைக்கு, மற்றது திறக்காமல் கிடக்கட்டும். ஒவ்வொரு தரமும் மூடி திறக்க வாசம் கொஞ்சம் போகும், அரைவாசி வெறும் போத்தலில் அது இன்னும் கூடப் போகும்.

“மழை நேரம் திறந்தால் ஈரம் ஏறிவிடும்” என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 30 பாகை வெப்பத்தில் 80 வீத ஈரப்பதன் உள்ள ஒரு லீட்டர் காற்றில் இருக்கிற நீராவி ஏறக்குறைய 25 மில்லிகிராம். 250 மில்லிலீட்டர் போத்தல் முழுக்க அந்தக் காற்றுப் புகுந்தாலும் 6 மில்லிகிராம்தான். ஒரு சொட்டுத் தண்ணீரே 50 மில்லிகிராம் வரும். ஆகவே திறந்து எடுத்துவிட்டு உடனே மூடுவதால் ஒன்றும் ஆகாது. சரியாக இறுகாத மூடி இரவும் பகலும் மாதக்கணக்காகக் காற்றை மாற்றிக்கொண்டிருப்பதுதான் ஆளை விழுத்துகிறது.

மூடியைச் சோதிக்க வழி இலேசு. வெறும் போத்தலை இறுக்கி மூடி, கை பொறுக்கிற சூட்டில் சுடுதண்ணி உள்ள வாளிக்குள் முழுக்கத் தாட்டுப் பிடியுங்கோ. உள்ளே காற்று சூடாகி விரியும். ஒழுக்கு இருந்தால் மூடி விளிம்பில் சின்னக் குமிழ் சரம் சரமாக எழும்பும். ஒரு நிமிடம் பார்த்து ஒன்றும் வராவிட்டால் அந்தப் போத்தலை நம்பலாம். புதுப் போத்தலுக்கும் இதைச் செய்யுங்கோ.

கம்பிக் கொக்கியால் இழுத்துப் பூட்டுகிற, றப்பர் வாசர் போட்ட போத்தல்தான் எனக்கு முதலாவது. உள்ளே வாயு சேர்ந்தால் தானாக வெளியே தள்ளிவிடும், வெளிக்காற்றை விடாது. ஆனால் எங்கள் சூட்டுக்கு றப்பர் கெதியாக வயது போகும். வாசரைக் கழற்றி வளைத்துப் பாருங்கோ. மயிர் போல வெடிப்புத் தெரிந்தால் மாற்ற வேண்டும். புது வாசரில் றப்பர் மணம் அடித்தால் அப்பச் சோடா கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கோ. வெயிலில் போட்டால் இன்னும் கெதியாக வெடிக்கும்.

காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்கு ஜாம் போத்தல் போதும். மூடியின் உள்விளிம்பில் இருக்கிற மெல்லிய பூச்சுத்தான் அங்கே வாசர் வேலை பார்க்கிறது. கனதரம் திறந்து பூட்டி அந்தப் பூச்சில் பள்ளம் விழுந்த மூடி உதவாது. ஊறுகாய், சட்னி இருந்த மூடியை எடுக்கவே வேண்டாம். கண்ணாடியில் மணம் நிற்காது, கழுவினால் போகும். மூடிப் பூச்சில் ஏறின வினாகிரி மணம் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது.

பிளாஸ்டிக் டப்பாவும் சிப் வைத்த பையும் ஒரு கிழமைக்கு ஓம், ஒரு வருடத்துக்கு இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் ஊடாக நீராவியும் வாசமும் மெல்ல மெல்லக் கடக்கும், தங்கள் மணத்தையும் புகையிலைக்குக் கொடுக்கும். சுருட்டு வைக்கிற மரப்பெட்டியை வாங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அது சுருட்டுக்கு. பைப் புகையிலையை அதற்குள் போட்டால் சீடர் மர மணம் ஏறும், மரம் அதன் ஈரத்தையும் உறிஞ்சும்.

திறக்காத ரின்னை அப்படியே விடலாம், ஆனால் கடற்கரைப் பக்க வீடென்றால் உப்புக் காற்று பொருத்தோரத்தில் துரு பிடிக்க வைக்கும். ஊசித் துளை விழுந்தால் உள்ளே உள்ள காற்றிறுக்கம் போய்விடும். ரின்களை மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு வையுங்கோ. இங்கே பிளாஸ்டிக் நல்லது. சதுர ரின் அடிபட்டால் இலேசாக இறுக்கம் விடும், அதனால் அதை முதலில் முடியுங்கோ. மூடி மேலே உப்பினால் மீன் ரின் போலப் பழுதென்று எறிய வேண்டாம். உள்ளே புகையிலை பதப்படும்போது வாயு வருவது உண்டு. திறந்து பார்த்து, மணந்து பார்த்து முடிவெடுங்கோ.

இனி வண்டு. மிளகாய்த்தூளிலும் மஞ்சளிலும் மல்லியிலும் வருகிற 2 – 3 மில்லிமீற்றர் அளவான, முதுகு கூனின மண்ணிற வண்டும் புகையிலையைத் துளைக்கிற வண்டும் ஒரே இனம்தான். அதனால் குசினி அலுமாரியில் புகையிலை வைக்கக்கூடாது. பைப் புகையிலை ஆலையில் நீராவி பட்டு வருவதால் அதற்குள்ளேயிருந்து வண்டு வருவது அரிது. பொச்சுமட்டைப் புகை போட்ட நம்மூர்ப் புகையிலையோ சுருட்டோ பக்கத்தில் இருந்தால் அங்கேயிருந்து வரலாம். கடதாசியையும் மெல்லிய பிளாஸ்டிக்கையும் துளைத்துக்கொண்டு வரும். நம்மூர்ப் புகையிலையின் புகை மணமும் தொற்றும். லட்டாக்கியா (புகை போட்டுப் பதப்படுத்தின, மணம் கூடின இலை) கலந்த புகையிலைக்கும் தனிப் போத்தல் வையுங்கோ. ஒருமுறை அது இருந்த வாசரை வேறு வகைக்குப் பாவிக்க முடியாது.

இலையில் குண்டூசித் துளை கண்டால், இறுக்கி மூடின பையில் போட்டு −18 பாகையில் ஐந்து நாள் விடுங்கோ. பிறகு ஒரு நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில், பிறகு வெளியே. அறைச் சூட்டுக்கு வருமுன் பையைத் திறந்தால் புகையிலை வியர்த்து நனையும். உறைந்த இலை நொறுங்கும், குலுக்க வேண்டாம். மேலே சின்ன ஐஸ் அறை மட்டும் உள்ள பழைய பிரிட்ஜ் அந்தக் குளிருக்குப் போகாது. இடையில் கரண்ட் போய்க் கனநேரம் வராவிட்டால் ஐந்து நாளையும் முதலிலிருந்து எண்ணுங்கோ. இந்தத் தேவைக்கு மட்டும்தான் பிரிட்ஜ். வழமையாக வைக்க அது இடமில்லை, கறி மணமும் வியர்வையும்தான் மிஞ்சும்.

ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும்? ஒரு கிள்ளு எடுத்து விரலால் அமத்தி விடுங்கோ. மெல்ல மெல்ல விரிந்தால் சரி. உருண்டையாகவே கிடந்தால் ஈரம் கூட, கடதாசியில் பரப்பி மின்விசிறி இல்லாமல் அரை மணித்தியாலம் விட்டுத் திரும்பப் பாருங்கோ. நொறுங்கினால் காய்ந்துவிட்டது. வாசனை ஏற்றின வகைகளில் புரொப்பிலீன் கிளைக்கோல் என்கிற, ஈரத்தைப் பிடித்து வைக்கிற திரவம் சேர்ப்பதுண்டு; அவை எப்பவும் ஈரமாகத்தான் தெரியும், விரல் ஏமாறும். இலக்கம் வேண்டுகிறவர்கள் சின்ன டிஜிற்றல் ஈரப்பதமானியைப் போத்தலுக்குள் வைக்கலாம். 60க்கும் 65க்கும் இடையில் இருந்தால் போதும், 70 தாண்டினால் பூஞ்சணத்துக்கு வாசல் திறந்தது மாதிரி. மலிவு மானியை அப்படியே நம்பாமல் உப்புச் சோதனை செய்யுங்கோ: போத்தல் மூடி ஒன்றில் ஒரு தேக்கரண்டி உப்பு, சேறு போல வரத் துளித் தண்ணீர், மானியோடு சேர்த்துக் காற்றிறுக்கமான பையில் ஓர் இரவு. காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் அந்த மானி எப்பவும் 4 குறைத்துச் சொல்கிறது என்று குறித்து வையுங்கோ.

பழைய தட்டுப் புகையிலையில் வெள்ளையாக ஏதும் தெரிந்தால் உடனே எறிய வேண்டாம், உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கோ. மினுங்குகிற துகளாக இருந்தால் உப்போ சீனியோ படிந்தது, குடிக்கலாம். பஞ்சு போல நூல் விட்டு, பழைய சாக்கு மணம் அடித்தால் பூஞ்சணம். முழுவதையும் எறியுங்கோ, மேலாகக் கிள்ளி எடுத்து மிச்சத்தைக் காப்பாற்ற நினைக்காதீங்கோ. போத்தலைக் கொதிதண்ணீரில் கழுவி ஒரு முழு நாள் தலைகீழாக உலரவிட்டுத்தான் திரும்பப் பாவிக்க வேண்டும்.

இடம்: உள்ளறை அலுமாரியின் நடுத்தட்டு. மேல்தட்டு கொங்கிறீற் கூரையின் சூட்டை வாங்கும், நிலத்தோடு வைத்தால் கார்த்திகையில் சீமெந்து வியர்க்கும். வெளிச்சம் படக்கூடாது. பெயரும் நிரப்பின திகதியும் எழுதி மூடியில் அல்லாமல் போத்தலின் உடம்பில் ஒட்டுங்கோ, மூடிகள் மாறிப்போகும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் அலுமாரிக்குப் பூட்டுப் போடுங்கோ. வாசனைப் புகையிலை பழமும் வனிலாவுமாக மணக்கும், ஆனால் அதில் இருக்கிற நிக்கொற்றின் ஒரு சின்னப் பிள்ளைக்கு வாய்க்குள் போட்ட கொஞ்சமே நஞ்சு.